ஒரு சாண் வரப்பு

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் இறந்த வருஷம் வரப்புச் சண்டையில பேச்சை விட்டவ, ஆறு வருஷம் கழிச்சு எழுதுறாளேன்னு முகம் சுளிக்காதீங்க. இங்க தையல் கம்பெனியில காலர் தைக்கிறேன். மூணாவது மாடியில அறை. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். வரப்புல நின்னு காக்காயைத் திட்டுற சாக்குல என்னைத் திட்டுவீங்களே, அது இல்லாம பொழுது விடிஞ்ச மாதிரியே இல்லை.

மனசுல கிடக்கிறதைக் கேட்டுடுறேன். நிலத்தைக் கொடுக்க ஏன் அண்ணி முதல்ல கையெழுத்து போட்டீங்க? உங்க பக்கம் அந்தப் பனைக் கம்பெனிக்குப் போனா, அது வழியா என் பக்கத்துக்கு வர்ற தண்ணி ஏது? அதனாலதான் நானும் போட்டேன்.

நம்ம வரப்புக் கொய்யா மரம் காய்க்குதா?

உங்க நாத்தனார்


மார்ச் 19

அடி வாயாடி,

வேளைக்குச் சாப்பிடுறியா? விசாரிக்கவே கூடாதுன்னுதான் உட்கார்ந்தேன், கை கேட்கலை.

கொய்யா மரமும் இல்லை, வரப்பும் இல்லை. ஊர் நிலம் முழுக்க ஒண்ணாக்கி, கண்ணுக்கெட்டின தூரம் எண்ணெய்ப்பனை வச்சிருக்காங்க. அதுல கூலிக்குக் களை எடுக்கிறேன். நம்ம வரப்பு இருந்த இடம் வந்தா கால் தானா தூக்கிக்குது. பின்னால வர்றவங்க சிரிக்கிறாங்க.

நான் முதல்லயா? அந்தக் கம்பெனி ஆபீசர் என் அடுப்படியில உட்கார்ந்து, நீ காலையிலேயே போட்டுட்டதா சொன்னார். "உங்க நாத்தனார் கெட்டிக்காரங்க"ன்னு வேற. எனக்கு வயிறு எரிஞ்சுது. நீயும் இல்லாம தனியா என்ன பண்ணப் போறேன்னு போட்டுட்டேன். உன்கிட்ட அவர் எப்ப வந்தார்? மறைக்காம எழுது.

உன் அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணி,

உங்க கடிதம் படிச்சுட்டு மிஷின் முன்னாடி உட்கார முடியலை. அரை நாள் லீவு போட்டேன்.

உங்க வீட்டிலிருந்து இறங்கி நேரா என் வீட்டுக்குத்தான் வந்தார். அதுவரைக்கும் நான் எந்தக் காகிதத்தையும் தொடலை, அண்ணி. அவர் உங்க வாசல்ல செருப்பைக் கழட்டினப்ப நான் வரப்பு ஓரமா நாத்து நட்டுட்டிருந்தேன். "அண்ணி, எதுவும் போட்டுடாதீங்க"ன்னு ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நாம ஏன் முதல்ல பேசணும்னு முழுங்கிட்டேன்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். வரப்பை நான் நகர்த்துறேன்னு நீங்க கத்தினீங்களே, அது நிஜம். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா, ஒரு சாண் உங்க பக்கம் தள்ளிட்டேன். இனிமே அங்க போறப்ப, என் பக்கமா ஒரு சாண் தள்ளிக் காலைத் தூக்குங்க. நம்ம வரப்பு இருந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

உங்க வாயாடி