ஆணையத்தில் ஒரு நாற்காலி

மார்ச் 4

தபால் துறையைக் கலைத்துவிட்டு ‘அஞ்சல் ஆணையம்’ அமைக்கும் மசோதா இன்று நிறைவேறியது. கடிதம் பிரிக்கும் கூடத்தில் வேலை அப்படியே நின்றது. சங்கச் செயலாளர் என்பதால் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். என்ன சொல்ல? மசோதாவை எழுதியவர்களில் என் தம்பியும் ஒருவன்.

மார்ச் 9

தம்பி வந்தான். வாசலிலேயே நிறுத்தினேன்.

“யாருக்கும் வேலை போகாதுக்கா. மந்திரி தலையீடு இருக்காது, அவ்வளவுதான்.”

“மந்திரிகிட்டயாவது போய்க் கத்தலாம். உங்க ஆணையத்துக்கு முகம் எங்கடா இருக்கு?”

என் கணவர் அவனை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரும் இதே துறையில், பார்சல் பிரிவில் இருப்பவர். அவர் வயிற்றிலும்தானே அடி?

மார்ச் 10

அவரோடு பேசவில்லை.

மார்ச் 27

யாருக்கும் வேலை போகாதாம்! வண்டி ஓட்டுநர்கள் எல்லோரையும் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டார்கள். என் மகள் பிறந்த அன்று தபால் வண்டியிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஓட்டுநர் அண்ணன், சாவியை மேசையில் வீசினார்.

“உன் தம்பிய நல்லா இருக்கச் சொல்லும்மா.”

வாழ்த்தா அது? சாபம். அவன் அங்கே இல்லை. என் தலையில் விழுந்தது.

ஏப்ரல் 2

ஆணையத்தில் தொழிலாளர் சார்பாக ஓர் இடம் எனக்குத் தருகிறார்களாம். தம்பி போனில் குழைந்தான். “அந்த நாற்காலியில நீயே உக்காருடா” என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 6

என் கணவர் அதை வாங்கிக்கொண்டுவிட்டார்.

ஏப்ரல் 7

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா விட்டிருப்பியா? உள்ள நம்ம ஆளு ஒருத்தராவது வேணும். வெளியில நின்னு கத்தி என்னத்தக் கண்டோம்?”

என்னத்தக் கண்டோமா? நான் கத்தினதாலதானே உங்களுக்குப் பதவி உயர்வே வந்துச்சு! கேட்டிருக்கணும். ஒருவேளை அவர் சொல்வதும் — இல்லை. இல்லவே இல்லை.

ஏப்ரல் 19

வேலைநிறுத்தம். ஆணையத்தின் முதல் கூட்டமும் இன்றுதான். தலைமை அலுவலக வாசலை மறித்துக் கைகோத்து நின்றோம். முன்னால் வந்த காரில் அவர், புதுச் சட்டையில். கண்ணாடியை இறக்கினார். கூட்டம் என் பக்கம் திரும்பியது; எல்லோருக்கும் எங்களைத் தெரியும்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: “கொஞ்சம் வழி விடுங்கம்மா.”

விடுங்கம்மா.

நான் கையை விடவில்லை. கார் பின்வாங்கி, சுற்றிக்கொண்டு, பார்சல் பிரிவு வாசல் வழியாக உள்ளே போனது.