டிக்கிக்குப் போன பேட்டரி

22-10-63, செவ்வாய். திண்டிவனம்.

காலையிலிருந்து தூறல். கொடியில் துணி காயவில்லை. சாரதாவுக்கு இரவெல்லாம் இருமல். பால்காரன் மணி அடிக்கும்போதுதான் கண்ணயர்ந்தாள். காப்பி நானே போட்டேன். டிகாஷன் தண்ணீர்.

காரில் பேட்டரியை இடம் மாற்றுவதென்று முடிவு. என் முடிவுகளில் எனக்கே நம்பிக்கை கிடையாது. அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. சா.வின் இருமலுக்குக் காரணம் பேட்டரியின் ஆசிட் நெடி. முன் சீட்டில் அவள் காலடியில், பலகைக்கு அடியிலேயே பேட்டரி இருக்கிறது. அவளே சொன்னாள். சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

2. ஆகவே பேட்டரி டிக்கிக்குப் போக வேண்டும். பெட்ரோல் டாங்கி டிக்கிக்கு அடியில் இடப்பக்கம். எனவே பேட்டரிக்கு வலது மூலை. நகராதபடி இரும்புப் பட்டை.

3. மூடி போட்ட மரப்பெட்டி, உள்ளே தார்ப்பூச்சு. பெட்டியிலிருந்து ரப்பர் குழாய், வண்டிக்கு அடியில் வெளியே திறக்கும்படி. (பின் சீட்டு முதுகுக்கும் டிக்கிக்கும் நடுவே சந்து உண்டு. குழாய் இல்லாவிட்டால் நெடி திரும்பவும் உள்ளேதான் வரும்.)

4. கம்பி நல்ல பருமன். தூரம் கூடுவதால் மெல்லிய கம்பி சூடேறும், வண்டியும் கிளம்பாது. தகரத்தைத் துளைக்கும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம். புகைக்குழாய் பக்கம் போகக் கூடாது.

5. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு மெயின் சுவிட்ச்.

6. கழற்றும்போது எர்த் கம்பி முதலில். மாட்டும்போது எர்த் கம்பி கடைசியில்.

முதல் குறிப்புக்கு விளக்கம். போன வெள்ளிக்கிழமை விழுப்புரம் டாக்டர், ஊசி போட்ட கையோடு, "நெஞ்சை ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமே சார்" என்றார். சா. முகம் வெளுத்துவிட்டது. அவள் அக்காவுக்கும் முதலில் படம்தான் எடுத்தார்கள். பிறகு க்ஷய ஆஸ்பத்திரி. அக்கா திரும்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சொன்னாள்: "ஏங்க, காலுக்குக் கீழ ஒரே ஆசிட் நெடி. அதான் தொண்டைய கமறுது. இந்த வண்டியில ஏறினதுலேர்ந்துதான். படமும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

எனக்கு எவ்வளவு நிம்மதி! பேட்டரி என்றால் என்னால் ஏதாவது செய்ய முடியும்.

23-10-63, புதன்.

மழை விட்டது. சேறு. செருப்பு வார் அறுந்தது.

கரீம் பாய் பட்டறை. நான் குறிப்புகளை வாசிக்க வாசிக்க, பாய் பீடியைப் பற்ற வைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும்:

"இன்னா சாரு, பேட்டரிக்கு தனி ரூமு, காத்து வாங்க கொழா, வாசல்ல சுவிச்சு! எங்க ஊட்ல எனக்கே இதெல்லாம் கெடையாது."

"பாதுகாப்புக்காகத்தான் பாய்."

"அம்மாவ பின் சீட்டுல குந்த வெச்சா போச்சு. ஜல்தியா முடிஞ்சிடும்."

பின் சீட்டில் அவளுக்குத் தலை சுற்றும் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்கே வெட்கம். பாய் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி சாரு, நீங்க சொன்னாமாரியே பண்ணிடலாம்" என்றார். ஏன் அப்படித் தணிந்து பேசினார் என்று தெரியவில்லை.

மெல்லிய கம்பியை எடுத்தார். நாலாவது குறிப்பைக் காட்டினேன். முனகிக்கொண்டே தடித்ததைத் தேடி எடுத்தார். பழைய லாரியிலிருந்து எடுத்தது, ஆனால் உறை நன்றாக இருக்கிறது. முழுக்கத் தடவிப் பார்த்தேன். வெடிப்பு இல்லை.

வாங்க வேண்டியவை: செருப்பு வார், பேட்டரிக்கு ஊற்ற வாலை வடிநீர், சா.வுக்கு அதிமதுரம், கடுக்காய்.

சாயங்காலம் சா. அரை தோசை சாப்பிட்டாள். புடவை இடுப்பில் நிற்கவில்லை என்று ஊக்கு குத்தியிருக்கிறாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

24-10-63, வியாழன்.

வெயில். வேலை நாள் முழுக்க.

எர்த் கம்பியை முதலில் கழற்றச் சொன்னேன். "தெரியும் சாரு." இருந்தாலும் பக்கத்திலேயே நின்றேன். பேட்டரியைத் தூக்கியபின் அந்தக் குழியைக் குனிந்து பார்த்தேன். தகரம் அரித்து வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பாருங்கள், ஆசிட்! என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

பெட்டி வந்து டிக்கியில் உட்கார்ந்தது. மல்லாட்டை மண்டி நாயுடு கடலை மூட்டை ஏற்றிய சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, சின்னதா சவப்பொட்டி மாரி கீது?"

"வாயக் கழுவுய்யா!" என்றார் பாய். "காலங்காத்தால பேஜாரு புட்ச்ச ஆளு. போய்க்கினே இரு."

நாயுடு சிரித்துக்கொண்டே போனார். கெட்ட மனிதர் இல்லை.

பெயின்ட்டைச் சுரண்டி எர்த் இணைப்பு. கடைசியில்தான் மாட்டினோம். முதல் தடவையிலேயே வண்டி கிளம்பியது. கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. பட்டையை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. குழாய் வாயில் மூக்கை வைத்தேன், வண்டிக்குள் மூக்கை வைத்தேன். பாயும் வைத்தார். "ஒண்ணும் இல்ல சாரு. ரோஜாப்பூ கணக்கா கீது."

வீட்டு வாசலில் சா. பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். குனிந்தவள் நிமிர நேரமாயிற்று. மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்லைங்க. பொட்டு நேரா இருக்கா?" நேராகத்தான் இருந்தது. பிறகு முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

இரவு மேஜை இழுப்பறையைக் குடைந்து லிட்மஸ் தாளை எடுத்து வைத்தேன். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக்கொடுத்த நாளில் மிஞ்சியது. ஆசிட் நெடி கொஞ்சம் பட்டாலும் நீலத் தாள் சிவக்கும். நாளைக்கு அவள் எதிரில் ஒட்டப் போகிறேன். அவளுக்குத் தைரியமாக இருக்கும்.

25-10-63, வெள்ளி. விழுப்புரம் போய் வந்தது.

ராகு காலத்துக்கு முன் புறப்பட்டோம். மேகம், மழை இல்லை. தாளை நனைத்து அவள் சீட்டுக்கு நேரே ஒட்டினேன். காய்ந்துபோகாமலிருக்க வழியில் இரண்டு தடவை நனைத்தேன். சா. காலை நீட்டி, "ஏங்க, எவ்ளோ எடம் வந்துட்டுது!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. கூட்டேரிப்பட்டு வரை ஒரு இருமல்கூட இல்லை. மனதுக்குள் அதை இந்த டைரியில் எழுதியே முடித்துவிட்டேன்.

விக்கிரவாண்டிக்கு முன்னால் ஆரம்பித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருத்தி தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். "இன்னா பெரியவரே, அம்மாவுக்கு ரொம்ப நாளா இப்டி கீதா?" செம்பை வாங்கி சா.வின் வாயில் வைத்தேன்.

தாளைப் பார்த்தேன். நீலம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நீலம்தான்.

சா.வும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிட் பட்டால் சிவக்கும் என்று ஒட்டும்போது நான் சொல்லித்தந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கும். மூச்சு வந்ததும், "பெட்ரோல் நெடியா இருக்கும்ங்க" என்றாள். "டாங்கிய வேணா மாத்திப் பாக்கலாமா?"

"பாக்கலாம்" என்றேன்.

விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் சீட்டு எழுதினார். திங்கட்கிழமை படம். நான் மறுக்கவில்லை, அவளும் மறுக்கவில்லை. திரும்பும்போது காலை மடக்கி, பழைய மாதிரியே ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள். அவள் காலடியில் இப்போது ஒன்றும் இல்லை.

பேட்டரி பழைய இடத்தில் இருந்தபோதே தாளை ஒட்டிப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. தாள் இழுப்பறையில் இருப்பது செவ்வாயன்றே தெரியும். அப்போதும் நீலமாகவே இருந்துவிட்டால்? அதனால்தான் எடுக்கவில்லை.

2 முதல் 6 வரை சரி. கம்பி சூடாகவில்லை, பெட்டி அசையவில்லை.

1 தவறு.