உப்புப் பார்த்த கை

மதினி,

இன்று காலையில் தேங்காய்ச் சட்னிக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து, கறிவேப்பிலையும் பெருங்காயமும் எண்ணெயில் விழுந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நம்ம மெஸ்ஸின் அடுப்படிக்குள் பல மாசம் கழித்து இன்றுதான் கால் வைத்தேன். ஏனென்று உனக்குச் சொல்லணும். நீ இருந்திருந்தால் இந்நேரம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு முழுக்க நீயே சொல்லி முடித்திருப்பாய்.

சமையல் எனக்கு, பரிமாறுவது உனக்கு என்று பிரித்துக்கொண்டுதானே மெஸ்ஸை ஆரம்பித்தோம். சாமிக்குப் படைக்கும் முன் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது என்பது எங்க அம்மா பழக்கம், எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் உப்புப் பார்க்கிறது எப்போதும் நீதான். "உப்புப் பாரு மதினி" என்று, கிரைண்டரில் சட்னி வழித்த கையாலேயே உன் உள்ளங்கையில் கொஞ்சம் வைப்பேன். நீ நக்கிவிட்டு, வாசலில் நிற்கிற பஸ் டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இம்புட்டுக் கஞ்சத்தனமா உப்புப் போட்டா எவன்டி வருவான்?" என்பாய். ஒரு நாளாவது உப்பு சரியாக இருக்கிறது என்று நீ சொன்னதில்லை.

பிறகு உனக்கு டைபாய்டு வந்தது. அடுத்த வருசமும் வந்தது. நான் உன்னைச் சும்மா விடவில்லை. கொடைக்கானல் பஸ் ஏறுகிறவர்களுக்கு மிளகாய்ப்பொடி தூவி வெள்ளரிக்காய் விற்பாரே ஒரு அம்மா, அவரிடம் வாங்கித் தின்றுதான் உனக்கு வந்தது என்று பழியை அப்படியே தூக்கி அவர் தலையில் போட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, குரலே எழும்பாமல் நீ சொன்னாய்: "உன் கையால தின்னதத் தவிர வெளிய ஒரு வாய் தின்னதில்லடி. நம்பு." உன் நாக்கு எனக்குத் தெரியாதா என்று சொல்லிக் கஞ்சியை ஊட்டினேன்.

நீ மாரடைப்பில் போன பிறகு உன் மகள் செல்வியும் நானுமாக மெஸ்ஸை நடத்தினோம். இந்த வருசம், நம்ம கேரியர் சாப்பாடு போகிற லேடீஸ் ஹாஸ்டலில் சில பிள்ளைகள் டைபாய்டில் படுத்துவிட்டார்கள். ஆத்தூர்ப் பக்கமும் அதே சமயத்தில் காய்ச்சல். எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஹாஸ்டல் தொட்டியைச் சோதித்தார்கள், தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை.

அப்போதுதான் திண்டுக்கல்லில் இருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். வயசு நம்ம செல்வி வயசுதான் இருக்கும். நோயாளிகளின் ரத்தத்தில் இருந்து கிருமியை வளர்த்து, அதன் மரபணுவை முழுசாகப் படித்துப் பார்க்கிறார்களாம். எனக்குப் புரியட்டும் என்று மெஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து சொன்னார்: "கிருமிக்குள்ள லட்சக்கணக்கில எழுத்து இருக்குக்கா. அது பெருகுறப்ப எப்பவாச்சும் ஒரு எழுத்து மாறும். வரிசையாப் படிச்சா எது எதுக்குச் சொந்தம்னு தெரிஞ்சுரும். ஆத்தூர்க் கிருமி வேற வம்சம். ஹாஸ்டல் பிள்ளைகளோடது மட்டும் ஒரே மாவுல ஊத்துன இட்லி."

அதோடு விடவில்லை. இங்கே முன்பு காய்ச்சல் வந்தவர்களின் கிருமியை உறைபெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்களாம். அதையும் படித்திருக்கிறார்கள். அதிலும் இரண்டு இதே மாவு. யாருடையது என்று கேட்டேன். பேர் சொல்லக் கூடாது என்று மாசத்தை மட்டும் சொன்னார். இரண்டும் நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மாசங்கள் மதினி.

இத்தனை வருசமாக அதே கிருமி அதிகம் மாறாமல் வருகிறதென்றால், காய்ச்சலே இல்லாத யாரோ ஒருவர் உடம்பில் அது தங்கியிருக்கலாம், சட்னி, பச்சடி மாதிரி அடுப்பேறாத சாப்பாடு வழியாகப் போகலாம் என்றார். மெஸ்ஸில் எல்லாருக்கும் மலப் பரிசோதனை. செல்விக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் இருந்தது. சின்ன வயசில் வந்த காய்ச்சலின் கிருமி, என் பித்தப்பைக் கல்லில் குடியிருந்திருக்கிறது. வாயு வாயு என்று நான் நெஞ்சைப் பிடிக்கும்போதெல்லாம் நீ ஓடிப்போய் சோடா வாங்கி வருவாயே, அது வாயு இல்லை, இந்தக் கல்தான்.

நான் முதலில் கேட்டது உன்னைப் பற்றித்தான். "எங்க மதினி செத்தது இதனாலயாம்மா?" அவர் உன் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் வாங்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, "இல்லக்கா, காய்ச்சல் ரெண்டு தடவையும் நல்லாக் குணமாயிருக்கு. இது வேற" என்றார். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஹாஸ்டல் பிள்ளைகளும் ஒருத்தி பாக்கியில்லாமல் எழுந்துவிட்டார்கள் என்று கேட்டதும்தான் எனக்குச் சோறு இறங்கியது.

கல்லோடு பித்தப்பையையே எடுக்கணும் என்றார்கள், அந்த ஆபரேஷனுக்கு நான் பயப்படவில்லை. என் பயமெல்லாம் வேறு. இனிமேல் செல்வி என் கையால் தின்பாளா? பித்தப்பையை எடுத்து, மாத்திரை முடிந்து, திரும்பத் திரும்பச் சோதித்த அத்தனை நாளும் சமையலை அவளே பார்த்தாள். ஒரு குத்தல் வார்த்தை கிடையாது. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. போன வாரம் டாக்டரம்மா போனில் கூப்பிட்டு, "சுத்தமாயிருச்சுக்கா, தாராளமாச் சமைங்க" என்றார்.

இன்று முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிரைண்டருக்குள் கை விடவில்லை, கரண்டியால் வழித்தேன். தாளித்துக் கொட்டியதும் பழைய பழக்கத்தில் திரும்பி, "உப்புப் பாரு மதினி" என்றுவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்தாள்.

அவள் எழுந்து வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினாள்.

"கரண்டியோட தாரேன், அதுலயே பாரு" என்றேன்.

"கையில வை அத்தை."

வைத்தேன். நக்கினாள். உன்னை மாதிரியே முகத்தைச் சுளித்தாள். "இம்புட்டுக் கஞ்சத்தனமா உப்புப் போட்டா எவன் வருவான்?"

இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன். மத்தியானம் பந்தி ஓய்ந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அந்த அம்மாவிடம் வெள்ளரிக்காய் வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. நீ தின்றதே இல்லையே மதினி. நம்பிவிட்டேன்.