ஜெபத்தில் நீங்கள் சொன்ன செய்தி

மாமா,

இன்று காலை ஒட்டுப்பால் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று எங்கள் இராஜாக்கமங்கலம் முக்கில் பழுதாகி நின்றது. கடல்காற்றையும் மீறி அந்த அழுகிய ரப்பர் நாற்றம் வீட்டுக்குள் வந்தது. உங்கள் குலசேகரம் வீட்டு நாற்றம். கதவை அடைத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என்னைக் கட்டிய உங்கள் மகன் என் கையை முறித்த அன்று ஆட்டோ பிடித்து என்னை அனுப்பி வைத்தவர் நீங்கள்தான். கோர்ட்டிலும் எனக்காகவே சாட்சி சொன்னீர்கள். ஆனாலும் மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு குழந்தை அவனிடம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. "நான் இருக்கேன்லா மக்ளே, தைரியமா அனுப்பு" என்றீர்கள். அனுப்பினேன். அப்படி அவள் அங்கே இருந்த நேரத்தில்தான் கொரோனாவுக்காக எல்லாவற்றையும் அடைத்தார்கள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

வக்கீலுக்குப் போன் செய்தேன். "பிள்ளை இருந்த இடத்துல இருக்கட்டும்மா, எல்லாம் திறந்த பொறவு பாப்போம்" என்றார். பிள்ளையும் பீரோவும் அவருக்கு ஒன்று. உங்கள் மகனோ அவள் குரலைக்கூடக் கேட்க விடவில்லை. நீங்கள்தான் வழி கண்டீர்கள்: சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் சேர்த்துக்கொள்வது. எவ்வளவு குடித்திருந்தாலும் ஜெபத்துக்கு நடுவில் அவன் வாய் திறக்க மாட்டான். அப்படி அடித்து வளர்த்திருந்தீர்கள். அதையும் சொல்லத்தானே வேண்டும், மாமா.

ஒரு நாள் சாயங்காலம் இப்படி ஜெபித்தீர்கள்: "ஆண்டவரே, என் பேத்தியின் முதுகில் இன்று பெல்ட் கிழித்த காயங்களை ஆற்றியருளும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவள் தாயை விரைந்து கொண்டுவாரும்."

நீங்கள் கடவுளிடம் பேசவில்லை, என்னிடம் பேசினீர்கள். அவனுக்கும் அது புரிந்துவிட்டது.

"ஏ கெழவா, ஜெபிக்கியா, கோள் சொல்லுகியா?"

ஏதோ உடைந்தது. நாற்காலி, உங்கள் தலையில். அதைக் குழந்தை பிறகுதான் சொன்னாள். நீங்கள் நிறுத்தவில்லை. வாயில் ரத்தம் கொழகொழக்க, "குழந்தையைப் பின்வாசல் வழியாக நடத்தும். பக்கத்து வீட்டில் கொண்டு சேர்த்தருளும்" என்றீர்கள். அடுத்த அடி. "திரும்பிப் பார்க்காமல் ஓடக் கிருபை தாரும்." அடுத்த அடி. அதற்குப் பிறகு உங்கள் குரல் வரவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தேன். தக்கலையில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். "எங்கட்டீ போற?" என்று கேட்டுக்கொண்டே லத்தியை வீசினார். முதுகில் வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அவள் வாசலில் அவன் வெட்டுகத்தியோடு நின்று கத்திக்கொண்டிருந்தான். ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் சிலர் அவனை அடித்து வீழ்த்திக் கமுகு மரத்தில் கட்டினார்கள். நானும் அடித்தேன், மாமா. செருப்பைக் கழற்றி, கை ஓயும்வரை. நன்றாக இருந்தது.

மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த உங்களுக்குக் கொரோனாவும் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக்கில் சுற்றிய உங்களைத் தூர நின்றுதான் பார்க்க விட்டார்கள். உங்கள் சாவுக்குக் காரணம் கொரோனா என்றானதால் கொலை வழக்கு நிற்கவில்லை. அவன் கொஞ்ச காலம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்துவிட்டான். இப்போது மகளைப் பார்க்க வேண்டும் என்று மனு போட்டிருக்கிறான்.

போன வாரம் நம் சபைப் போதகர் ஐயர் வந்தார். காபி குடித்தார். மன்னிப்பைப் பற்றிப் பேசினார். பிறகு கண்ணை மூடி, "பிரிந்துபோன தகப்பனையும் மகளையும் சேர்த்தருளும்" என்று ஜெபிக்கத் தொடங்கினார்.

"ஐயரே" என்றாள் உங்கள் பேத்தி. "எனக்க முதுகப் பாத்துட்டு ஜெபிங்க."

அவர் கண்ணைத் திறந்தார். ஜெபத்துக்கு நடுவில் பேசலாமா என்று நான் அவளைக் கண்டிக்கவில்லை. உங்கள் மகன் மேல் எனக்குள்ள கோபம் அடுப்புக் கங்குபோல இன்னும் கனன்றே கிடக்கிறது, மாமா. கோர்ட்டுக்கு அதோடுதான் போகிறேன். அவளும் வருகிறாள். நீதிபதி கேட்டால் தானே சொல்லிக்கொள்வாளாம்.