ஏழாம் நம்பர் கட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு இங்கே இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். ஏழாம் நம்பர் கட்டில் செவ்வாய்க்கிழமையிலிருந்து காலிதான். நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லம் என்பதால் உடனே கொடுப்பார்கள்.

அதில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மத்தியானம் தனியாகக் கழிப்பறைக்கு எழுந்து போனவர் விழுந்து இடுப்பு முறிந்து, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். இப்போது சுவரெல்லாம் கைப்பிடி, தரையெல்லாம் வழுக்காத விரிப்பு, கட்டிலுக்குக் கட்டில் புது அழைப்பு மணி. பார்த்தால் அசந்துபோவாய்.

மேலாளர் என்னைத்தான் கேட்டார். "மணி அவர் கைக்கு எட்டுற மாதிரிதானே இருந்துச்சு?"

"ஆமா சார், தலையணை பக்கத்துலதான்" என்றேன். எழுதிக்கொண்டார்.

பதினெட்டுப் பேருக்கு நான் ஒருத்தி, அக்கா. அவர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணியடிப்பார். ஓடிப் போய் நின்றால், "ஒண்ணுமில்லம்மா, இருக்கியான்னு பார்த்தேன்" என்பார். மற்றவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுகிற நேரத்தில் மட்டும் மணியின் வயரைக் கட்டிலுக்குப் பின்னால் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவோம். இங்கே எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு ஆம்புலன்ஸ் வருவதற்குள் அதை அவிழ்த்துத் தலையணைப் பக்கம் வைத்தேன். முடிச்சு லேசில் வரவில்லை.

புது மணிக்கும் வயர் இருக்கிறது. ஆள் கூடவில்லை.

அம்மாவும் சும்மா சும்மா கூப்பிடுகிறவள்தானே. "அங்கதான் சின்னவ இருக்காளே, எனக்கென்ன பயம்" என்றாளாமே.

நான் இருப்பதால்தான் சொல்கிறேன். அழைத்து வராதே.

உன் தங்கை