மூவரில் ஒருவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமா? இருமல் குறைந்ததா? கொழும்பில் நான் நலம்.

பொலிஸில் அடிபட்ட மகனுக்காகப் புஷ்பராணி அக்கா எங்கள் சீனியர் மூலம் போட்ட வழக்கு நேற்று, நாட்டின் கடைசி நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. மூன்று நீதிபதிகளில் இருவர் ஒத்துக்கொண்டால் ஜெயிப்போம் என்று நம் ஊர் பன்விலயில் எல்லோரிடமும் சொன்னவள் நான்தானே? ஒருவர்தான் நம் பக்கம் எழுதினார். மற்ற இருவரும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

"அந்த ஒரு ஐயா நம்மள நம்பினாருல்ல? இன்னொரு கோர்ட்டுல கேப்போமா பாப்பா?" என்றார் அக்கா.

இதற்கு மேல் வேறு நீதிமன்றம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஃபைல் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, வெட்கத்தில் பின்வாசலால் போய்விட்டேன்.

தீபாவளிக்கு ஊருக்கு வர எனக்கு முகமில்லை. அம்மாவின் முறுக்கை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அக்காவிடம் நீங்களே போய் விஷயத்தைச் சொல்லுங்கள் அப்பா. எனக்காக எவ்வளவு நேரம் கோர்ட்டில் நின்றார் என்றும் கேட்டு எழுதுங்கள்.

சீனியர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
கிருஷாந்தி