விரிசல் விட்ட ரிம்

அன்பு வளர்மதிக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே நடந்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே "ஊருக்குக் கிளம்பி வாங்க" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் எங்கள் ஸ்ரீ கெம்பாங்கான் பட்டறையில் கார் சக்கர ரிம்களுக்குப் பெயின்டுக்குப் பதிலாகக் கலர் பவுடர் அடித்து, அது உருகிப் பிடிக்க அடுப்பில் சூடாக்குவோம். செவ்வாய்க்கிழமை ஒரு ரிம்மின் பழைய பெயின்டை எடுத்ததும், உள்பக்கம் விரல் நீளத்துக்கு விரிசல். நல்ல ரிம்மைத் தட்டினால் மணிபோல ஒலிக்கும். இது 'டொக்' என்றது. ஓடும்போது உடைந்துவிடும்.

"பவுடர் அடிச்சிட்டா யாருக்குத் தெரியும் லா? அடி," என்றார் பாஸ்.

"தெரியாது பாஸ். அதனாலதான் அடிக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வராத."

மறுநாளும் வந்தேன். விரிசலைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, ரிம்மை வாசலிலேயே மாட்டினேன். காருக்குச் சொந்தக்கார ஆன்டி பார்த்துவிட்டு வேறு ரிம் வாங்கப் போனார். பாஸ் இன்னும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம். இங்கே வேலை செய்வதற்கான என் பெர்மிட் அவர் கையில் இருக்கலாம். பவுடர் அடிக்கும் கன் என் கையில்தான் இருக்கிறது.

நீ ஓட்டும் பள்ளி வேனுக்கு இந்த மாதம் டயர் மாற்ற வேண்டுமே? கழற்றிய ரிம்களை ஒவ்வொன்றாக ஸ்பானரால் தட்டி, போனில் எனக்குக் கேட்க வை. அடுப்பு மணி அடிக்கிறது, போகிறேன்.

நாலும் நன்றாக ஒலித்தாலும் உடனே போனை வைத்துவிடாதே.

சேதுராசன்